ஸபர் மாதத்தின் இருபத்தொரு இலைகள்

ஒருவர் இறந்துபோன அறைக்குள் றொமால்ட் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் விசாரணை பார்த்த காலத்துப் பழக்கம் அது. செத்தவர்களைப் பற்றி உயிரோடு இருப்பவர்கள் சொல்லும் பொய்களைச் சரிபார்ப்பதுதான் அங்கே அவருக்கு வேலை. மனைவி சகாயம்மா போன பிறகு அந்த வேலையை விட்டுவிட்டார். கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையை எடுத்து, 'றொமால்ட் விசாரணைகள்' என்று பலகை மாட்டினார். செத்தவர்கள் மட்டும் அவரை விடவில்லை.

இந்த வீடு சாய்ந்தமருதில், கடற்கரை வீதியிலிருந்து மூன்றாவது வளவு. ஆதிலா மௌத்தாகி இன்றோடு ஏழு நாள். கத்தம் ஓதி, வந்தவர்கள் சாப்பிட்டுப் போய், வீடு கழுவி ஊற்றியது போல வெறுமையாகக் கிடந்தது. அவளுடைய அறையில் மட்டும் ஒன்றும் நகரவில்லை. மூக்குக்கண்ணாடி மேசையில் கால் விரித்தபடி இருந்தது. தலையணையில் தலை வைத்த பள்ளம் அப்படியே இருந்தது. கோடைக் கச்சான் காற்று ஜன்னல் சீலையை உப்பவைத்து, பிறகு கம்பியோடு ஒட்ட இழுத்தது. யாரோ மூச்சு விடுவது போலிருந்தது.

"சேர், அந்தத் தலகாணியப் பாக்காதீங்க," என்றாள் பஸ்மிலா மெதுவாக. "அது உங்களத்தான் பாக்குது."

பஸ்மிலாவுக்கு இருபத்தாறு வயது. மருதமுனைக்காரி. சட்டக் கல்லூரி அனுமதிப் பரீட்சையில் இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் எழுதுவதற்குப் பதிலாக றொமால்ட்டிடம் உதவியாளராகச் சேர்ந்தவள். வாய் ஓயாது. பயம் பிடித்தால் இன்னும் கூடும்.

ஸைனுலாப்தீன் மாஸ்டர் உள்ளே வந்தார். முப்பத்தொரு வருஷம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஆதிலாவின் கணவர். ஒரு கையில் வெள்ளைப் பீங்கான், மற்றக் கையில் ஒரு சொப்பிங் பை. பையைப் பீங்கானில் கவிழ்த்தார். காய்ந்து சுருண்ட இலைகள் விழுந்தன. சின்னச் சின்னக் கட்டுகளாக, தென்னோலைக் கீற்றால் முடிந்திருந்தன.

"ஒரு கட்டை அவிழ்த்து எண்ணுங்க, மகள்."

பஸ்மிலா எண்ணினாள். "பதின்மூண்டு."

"எல்லாக் கட்டிலயும் பதின்மூண்டுதான். நேத்து கிணத்தடியில, மட்டைக் குவியலுக்குக் கீழ கிடந்த. ஒவ்வொரு நாளும் காலையில நான் இருபத்தொரு இலை எண்ணி இந்தப் பீங்கானில வெச்சுக் குடுப்பன். தங்கேஸ்வரி அதை அடுப்படிக்குக் கொண்டு போய் அவிச்சு ஆதிலாக்குக் குடுப்பா. பதினொரு வருஷமா எங்கட வீட்டில வேல செய்ற மனிசி." அவர் குரல் வகுப்பறைக் குரலாக மாறியது. "இருபத்தொண்டில பதின்மூண்டு போனா?"

"எட்டு, சேர்," என்றாள் பஸ்மிலா, தன்னை அறியாமல் நேராக நிமிர்ந்து.

"எட்டு. என்ட மனிசிக்கு எட்டு இலைதான் போயிரிக்கி. தங்கேஸ்வரி மருந்தத் திருடி அவவச் சாகடிச்சிருக்கா."

சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்தார். பொலிசுக்கு எழுதிய பெட்டிசம். தங்கேஸ்வரியின் பெயருக்குக் கீழே அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்திருந்தார்.

"அஸர் தொழுதிட்டு இதக் கொண்டு போய்க் குடுக்கப் போறன். அதுக்கு முன்னம் நீங்க எனக்கு ஒண்டு மட்டும் கண்டுபிடிச்சுத் தரணும். ஏன் செஞ்சா? ஆர் சொல்லிச் செஞ்சா?"

றொமால்ட் கடிகாரத்தைப் பார்த்தார். பிற்பகல் தொழுகையான அஸருக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. கல்முனையில் ஒரு முஸ்லிம் வீட்டிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயரில் இப்படி ஒரு தாள் பொலிசுக்குள் போனால், மாலைக்குள் அது இரண்டு ஊர்க் கதையாகிவிடும். பிறகு எந்த விசாரணை எதைச் சொன்னாலும் அவள் முகத்திலிருந்து அது அழியாது.

"இலை என்ன இலை, மாஸ்டர்?"

"பட்டிப்பூ. புத்தகத்தில நித்தியகல்யாணி எண்டு எழுதுவாங்க."

றொமால்ட்டின் விரல்கள் பீங்கானுக்கு மேலே நின்றன. அந்தச் செடியை அவருக்குத் தெரியும். கொழும்பில், சகாயம்மாவின் கையில் சொட்டுச் சொட்டாக ஏறிய மருந்தும் அந்தச் செடியிலிருந்து எடுத்ததுதான் என்று தாதி ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அந்த மருந்தின் அளவைச் சரிபார்த்து ஒவ்வொரு முறையும் மூன்று பேர் கையெழுத்து வைத்தார்கள்.

"ஆர் அளவு சொன்ன?"

மாஸ்டர் ஒரு பழைய கொப்பியைக் கொண்டுவந்தார். அட்டையில் 'ஹிஜ்ரி 1432' என்று மைப்பேனாவில் எழுதியிருந்தது. "வாப்பாட கையெழுத்து. வாப்பா நாட்டு வைத்தியம் பாத்த பரிசாரி. ஆதிலாவுக்கு வந்த இதே புற்றுநோய் வந்த ஒரு பொம்புளைக்கு ஒரு வருஷம் முழுக்க இந்த இலையக் குடுத்தார். அதுக்குப் பொறகு அவ பத்து வருஷம் இருந்தா. ஆதிலா கொழும்புக் கிளினிக்குக்கு ரெண்டு தரம் போயிற்று, ஊசிக்குப் பயந்து நிண்டுட்டா. அப்பதான் நான் இதத் தேடி எடுத்தன்."

பக்கத்துக்கு ஒரு மாதம். மேலே மாதத்தின் பெயர், அதற்குப் பக்கத்தில் இலைக் கணக்கு, கீழே பொடி எழுத்தில் ஏதோ குறிப்புகள். ஷவ்வால், ஐந்து. துல்கஃதா, எட்டு. ஹஜ் மாதம், பன்னிரண்டு. முஹர்ரம், பதினேழு. ஸபர், இருபத்தொன்று.

"நோன்புப் பெருநாளையோட தொடங்கினன். ஷவ்வாலில அஞ்சு. போன மாசம் ஸபர். இருபத்தொண்டு. வாப்பா பிறையப் பாத்து மருந்து குடுக்கிறவர். நான் ஒரு இலை கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல."

"கீழ இருக்கிற குறிப்ப வாசிச்சீங்களா?"

"அது வாப்பாட நாட்குறிப்பு. எனக்குத் தேவப்பட்டது கணக்கு."

பஸ்மிலா பக்கங்களைத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டாள். வெளியே வரும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "சேர், நாம போனதும் அந்தச் சீலை நிண்டிருக்கும், பாருங்க," என்றாள். றொமால்ட் திரும்பிப் பார்த்தார். நின்றுதான் இருந்தது.

*

பாண்டிருப்பில் தங்கேஸ்வரியின் வீட்டுப் படலை சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. பஸ்மிலாவின் ஸ்கூட்டியும் றொமால்ட்டின் மோட்டார் சைக்கிளும் வந்து நின்ற சத்தத்துக்கு யாரும் வெளியே வரவில்லை.

"அக்கா!" என்று கூப்பிட்டாள் பஸ்மிலா. "நாங்க பொலிஸ் இல்ல. பொலிசெண்டா இந்த மோட்டார் சைக்கிளில வருவாங்களா? இதத் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்."

உள்ளே ஏதோ அசைந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மெலிந்த பெண் வந்து சங்கிலியை அவிழ்த்தாள். கண்கள் வீங்கியிருந்தன. கேள்வி வருவதற்கு முன்னமே பதில் சொன்னாள்.

"நான் எடுத்ததுதான், ஐயா. பதின்மூண்டு பதின்மூண்டா எடுத்தன். அந்தம்மாவுக்குத் தெரியும்."

"எந்தம்மாக்கு?"

"ஆதிலாம்மாக்கு."

றொமால்ட் அவள் காட்டிய கதிரையில் உட்கார்ந்தார். பஸ்மிலா நின்றபடியே குறிப்புப் புத்தகத்தை எடுத்தாள்.

"ஏன் எடுத்தீங்க?"

"கைப்பு, ஐயா." அவள் தன் நாக்கைத் தொட்டுக் காட்டினாள். "அடுப்பில வைக்க முதல் நான் ஒரு இலைய மென்டு பாப்பன். ஒருத்தருக்குக் குடிக்கக் குடுக்கிறதத் தான் பாக்காமக் குடுக்கக் கூடாதில்லையா? சித்திரைக்க கைப்புத்தான், தாங்கலாம். ஆனிக்க முகம் கோணிச்சு. ஆடி பிறந்து கச்சான் சுழட்டி அடிக்கத் தொடங்கின உடன, அர இலை மென்டன், நாக்கு நுனி விறைச்சுப் போச்சு. அந்த நேரம் பாத்து மாஸ்டர் இருபத்தொண்டு எண்டு கூட்டுறார். நான் சொன்னன், மாஸ்டர், இலை முந்தின மாதிரி இல்ல எண்டு. 'எங்கட வாப்பாட கணக்குக்கு மேலயா உன்ட நாக்கு?' எண்டு கேட்டார்."

"அப்ப களவா எடுத்தீங்க."

"எட்டுத்தான் அவிச்சன். மருந்தக் குப்பையில போடப் பயமா இருந்திச்சு. கட்டி வெச்சன்."

"ஆதிலாக்கு எப்பிடித் தெரியும்?"

"அவ அடுப்படிக்கு வந்து கண்டுட்டா. ஏசல்ல. சிரிச்சா. 'மாஸ்டருக்குச் சொல்லாத. அவருக்கு அந்த எண்ணிக்கதான் ஆறுதல்' எண்டா."

வெளியே காற்று முருங்கை மரத்தை உலுப்பியது. றொமால்ட் கேட்க வந்த அடுத்த கேள்வியை அவள் தானாகவே தொட்டாள்.

"எங்கட அம்மன் கோயில் சடங்கு வந்தது, ஐயா. சனி, ஞாயிறு, திங்கள். மூணு நாள் லீவு கேட்டுப் போனன். நேத்திக்கடன் இருந்தது. செவ்வாய்க்கிழம காலையில திரும்பி வந்து பாத்தா, அவ கோப்பையப் பிடிக்க ஏலாம இருக்கா. விரல் மரத்துப் போச்சு எண்டா. கால் தரையில படுறது தெரியல்ல எண்டா. புதன்கிழம விடியச் சுபஹுக்கு முந்திப் போயிற்றா." சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். "நான் போகாம இருந்திருக்கலாம்."

"அந்த மூணு நாளும் இலை அவிச்சது ஆர்?" என்று கேட்டாள் பஸ்மிலா.

"மாஸ்டர்தான். பாவம், கடக்கரையில உடைஞ்ச வீட்டு நிலத்தில வெயிலுக்க நிண்டு அவரே பறிச்சு, அவரே அவிச்சு, அவரே பருக்கி விட்டாராம்."

பஸ்மிலாவின் பேனா நின்றுவிட்டது. றொமால்ட் தன் சட்டையின் முதல் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். சகாயம்மாவின் விரல்களும் இப்படித்தான் மரத்துப் போயின. கடைசி மாதங்களில் அவளுடைய சட்டைப் பொத்தான்களை அவர்தான் பூட்டிவிட்டார். அவள் அவர் தலைக்கு மேலாக எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள்.

*

வீதி ஓரத்து வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, றொமால்ட் தன் தங்கச்சி மகள் தினேஷாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அவள் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் செடிகளின் இரசாயனம் பார்ப்பவள். இரண்டு வருஷமாக மாதா மாதம் பட்டிப்பூ பறித்து அரைத்து வருவதாக நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோது சொல்லியிருந்தாள். அன்று சாப்பாட்டு மேசையில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை; றொமால்ட் இன்று கேட்டார்.

"மாமா, கடைசியில ஒராள் கேட்டிட்டீங்க!" என்றாள் தினேஷா. "சுருக்கமாச் சொல்றன். ஒரே செடி, ஒரே கிளை. ஆனா மாரியில பறிச்ச இலையும் கோடையில பறிச்ச இலையும் ஒண்டில்ல. மழை பெஞ்சா செடிக்குச் சந்தோசம், தழைச்சு வளரும், கைப்பு ஐதாகிரும். வெயிலும் உப்புக்காத்தும் அடிச்சா பயந்திரும். பயந்தா தன்னக் காப்பாத்த விஷம் சமைக்கும். அந்த விஷத்தத்தான் நாங்க பிரிச்செடுத்து, புற்றுநோய்க் கலத்துக்கு மேல விட்டுப் பாக்கிறம். எங்கட கோடை இலைச் சாறு மாரி இலைச் சாற்ற விடப் பல மடங்கு வேகமா கலங்களக் கொல்லுது."

"புற்றுநோய்க் கலத்த மட்டுமா?"

"அதுதானே பிரச்சின, மாமா. அதுக்கு ஆள் தெரியாது. நரம்பையும் பிடிக்கும், இரத்தத்தையும் பிடிக்கும். ஆராவது வீட்டில அவிச்சுக் குடிக்கிறாங்களா? நிப்பாட்டச் சொல்லுங்க."

"நிண்டுட்டுது," என்றார் றொமால்ட். தொலைபேசியை வைத்தார்.

பஸ்மிலா பக்கத்துக் கடையில் சர்பத் வாங்கி வந்திருந்தாள். "அப்ப கேஸ் முடிஞ்சிற்று, சேர். தங்கேஸ்வரியக்காட நாக்குத்தான் ஆய்வுகூடம். கிழவர் பரிசாரி கணக்குப் பிழைச்சிட்டார்."

"அவர் பிழைக்கல்ல. அதுதான் எனக்கு இடிக்குது." றொமால்ட் அவளுடைய தொலைபேசியில் கொப்பிப் பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "மாசத்துக்கு மாசம் இலைக் கணக்க மாத்தி எழுதின மனுசன். ஏன் மாத்தினார்? இலைட வீரியம் மாறுது எண்டு தெரிஞ்சபடியாத்தான். வீரியம் கூடினா இலையக் குறைக்கணும். இது தெரிஞ்ச மனுசன், வருஷத்திலயே கடும் வெயில் அடிக்கிற மாசத்தில போய், வருஷத்திலயே கூடின கணக்க எழுதுவாரா? தலைகீழா இருக்கு."

"அவருக்கே கேட்டுப் பாக்கலாம். அவர அடக்கின மையவாடி பக்கத்திலதான்."

"புள்ள!"

"மன்னிச்சிருங்க. அந்த அறைக்குள்ள போனதிலருந்து எனக்கு வாய் நிக்குதில்ல." அவள் சர்பத்தை ஒரே மூச்சில் பாதி குடித்து, நெற்றியைத் துடைத்தாள். "அல்லாஹ், என்ன வெயில்! சேர், நான் முதன்முதலா முப்பது நோன்பும் பிடிச்சது பன்னெண்டு வயசில. இதே ஆவணி வெயில். வீட்டுக் கிணத்தடியில மயங்கி விழுந்தன். இந்த வருஷம் என்ட ராத்தாட மகள் முப்பதும் பிடிச்சாள். பங்குனி மாசம்! மழ விட்டு ஈரம் கூடக் காயல்ல. பஞ்சு மாதிரி முப்பதும் போயிற்று. ரெண்டு பேருக்கும் ஒரே நன்மையாம். இத ஆரிட்டப் போய் முறையிடுற?"

றொமால்ட் சர்பத் கிளாசைக் கீழே வைத்தார்.

"திருப்பிச் சொல்லு."

"ஆரிட்டப் போய் முறை..."

"அதுக்கு முன்னம். உனக்குப் பன்னெண்டு வயசில நோன்பு ஆவணியில வந்தது?"

"ஓம். நோன்பு நடந்துகொண்டே இருக்கும்தானே, சேர். வருஷத்துக்குப் பத்து, பதினொரு நாள் முந்தி வரும். பிறைக் கணக்கு. அது சின்னப்புள்ளைக்கும் தெ..."

அவள் வாய் அப்படியே நின்றது. அவளோடு வேலை செய்த இரண்டு வருஷத்தில் றொமால்ட் அதைக் கண்டது அன்றுதான்.

"நோன்பு மட்டுமா நடக்கும்?" என்று கேட்டார் றொமால்ட்.

"எல்லா மாசமும்," என்றாள் அவள், காற்றுப் போன குரலில். "ஸபரும்."

றொமால்ட் ஸபர் பக்கத்தைப் பெரிதாக்கினார். மாஸ்டருக்குத் தேவைப்படாத பொடி எழுத்து திரையில் விரிந்தது. அவர் உரக்க வாசித்தார்.

'ஒடுக்கத்துப் புதன். மூன்றாம் நாளாக மழை. முற்றத்தில் முழங்காலளவு வெள்ளம். வயல் வட்டையெல்லாம் கடல்போல் கிடக்கிறது. தோணியில் போய் மேட்டில் நின்ற செடியில் பறித்தேன். இலை நீர் குடித்து ஊதிப்போய்ச் சப்பென்று இருக்கிறது. இருபத்தொன்று போட்டும் கைப்புப் போதவில்லை.'

பாதைக்கு அப்பால் அறுவடை முடிந்த வயல் கிடந்தது. வெடிப்புகளுக்குள் கை விடலாம் போலிருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முந்திய ஸபர் மாதம் தோணி விட்ட வெள்ளத்தில் வந்தது. இந்த வருஷத்து ஸபர் மாதம் அதே பெயரோடு கச்சான் காற்றின் நடுவில் வந்து இறங்கிவிட்டது. பெயரை நம்பியவர் மாரிக்கு எழுதிய அளவைக் கோடையில் கொடுத்திருக்கிறார். மாதத்துக்கு மாதம் வெயில் ஏற ஏற, இலையும் கைப்பு ஏற ஏற, அவர் ஒரு இலை பிசகாமல் எண்ணிக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்.

"கிழவர் பிறைக்கு எழுதல்ல," என்றார் றொமால்ட். "மழைக்கு எழுதியிருக்கார்."

பஸ்மிலா தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சேர், இத மாஸ்டருக்கு எப்பிடிச் சொல்ற? கள்ளனப் பிடிச்சுத் தாங்க எண்டு கேட்ட மனுசனுக்கு..."

தூரத்தில் ஏதோ ஒரு பள்ளிவாசலில் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்கள். அஸருக்கு நேரமாகிவிட்டது.

*

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மாஸ்டர் தொழுதுவிட்டு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி. மோட்டார் சைக்கிளைப் படலை வரைக்கும் தள்ளிக் கொண்டுவந்துவிட்டார். பெட்டிசம் சட்டைப் பையில் நிமிர்ந்து நின்றது.

"கண்டுபிடிச்சீங்களா?"

"ஓம், மாஸ்டர். தங்கேஸ்வரிய ஒருத்தரும் ஏவல்ல. அவ குற்றவாளியும் இல்ல. அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க."

"நிறுவல் இல்லாம நான் விடைய ஏத்துக்கொள்றதில்ல."

பஸ்மிலா முந்திக்கொண்டாள். "மாஸ்டர், நோய் முத்திப் போயிற்று. அவ்வளவுதான். எட்டு இலை, இருபத்தொரு இலை, எது குடுத்திருந்தாலும்..."

"மகள்," என்றார் மாஸ்டர். "நீங்க இரக்கப்பட்டுக் கதைக்கிறீங்க. நான் அதக் கேக்கல்ல."

றொமால்ட் தொலைபேசியை அவரிடம் நீட்டினார். ஸபர் பக்கம். "கீழ இருக்கிறத வாசியுங்க. வாப்பாட நாட்குறிப்பு."

மாஸ்டர் வாசித்தார். வாசித்து முடித்து, மறுபடியும் மேலே போய் வாசித்தார். பிறகு தலையைத் தூக்கித் தன் முற்றத்தைப் பார்த்தார். மணல் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. கிணற்றடிக் கல்வாழைகூடக் கருகியிருந்தது.

அவருடைய உதடுகள் அசையத் தொடங்கின. இந்த ஹிஜ்ரி வருஷமான ஆயிரத்து நானூற்று நாற்பத்தேழிலிருந்து கொப்பியின் ஆயிரத்து நானூற்று முப்பத்திரண்டு போனால் பதினைந்து. பதினைந்தைப் பதினொன்றால் பெருக்கினால் நூற்று அறுபத்தைந்து நாள். ஐந்தரை மாதம். முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்குப் பெருக்கல் சொல்லிக் கொடுத்த மனிதர் இந்தக் கணக்கைச் செய்ய எடுத்துக்கொண்ட நேரத்தை றொமால்ட் பார்த்துக்கொண்டே நின்றார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"அவ ஒளிச்சபடியாத்தான்..." என்று தொடங்கி மாஸ்டர் நிறுத்தினார்.

"ஓம். அவ ஒளிச்சபடியாத்தான் ஆதிலா அதுவரைக்கும் இருந்தா."

"சனி, ஞாயிறு, திங்கள்," என்றார் மாஸ்டர். "மூணு நாளும் நான்தான். மிச்சம் விடாமக் குடிக்கணும் எண்டு கோப்பையப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்."

"மாஸ்டர், நோயா, இலையா எண்டு ஆராலயும் நிச்சயமாச் சொல்ல ஏலாது. எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை."

"தெரியாது எண்டு விடை எழுதின புள்ளைக்கு நான் முட்டை போட்டிருக்கன், றொமால்ட்."

அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். கல்முனைப் பக்கம். பெட்டிசம் சட்டைப் பையிலேயே இருந்தது.

"சேர், பொலிசுக்குத்தான் போறார்!" பஸ்மிலா ஸ்கூட்டிக்கு ஓடினாள். "தன்ட பேர எழுதிக் குடுக்கப் போறார்!"

பிரதான வீதியில் அவர்கள் அவரைத் தொடர்ந்தார்கள். மௌலூது மாதத்துப் பச்சைக் கொடிகள் கடைகளுக்கு மேலே படபடத்தன. மாஸ்டர் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் அவருடைய வண்டி மெதுவானது. ஒரு கால் தரையைத் தொட்டது. வாசலில் நின்ற பொலிஸ்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தக் கால் மேலே போனது. வண்டி வடக்கே போய்க்கொண்டே இருந்தது.

பாண்டிருப்பில், சங்கிலி போட்ட அந்தப் படலைக்கு வெளியே அவர் இறங்கி நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தங்கேஸ்வரி வெளியே வந்தாள். அவரைக் கண்டதும் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மாஸ்டர், நான் திருடல்ல..."

"தெரியும். எனக்கு இப்பதான் தெரியும்." பெட்டிசத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். எங்கே போடுவதென்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய அடுத்த வார்த்தைகளைக் கேட்க றொமால்ட் இன்னும் கிட்ட வரவேண்டியிருந்தது. "செவ்வாய்க்கிழம நீ வந்த நேரம் நான் மருந்தெடுக்க வெளிய போயிருந்தன். நான் பருக்கினதப் பத்தி அவ உனக்கிட்ட என்ன சொன்ன? எதையும் மறைக்காத."

தங்கேஸ்வரி மாஸ்டரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நின்ற பஸ்மிலாவைப் பார்த்தாள். அடுத்ததாக றொமால்ட்டைப் பார்த்தாள். 'சொல்லு' என்றும் 'வேண்டாம்' என்றும் றொமால்ட் தலையசைக்கவில்லை.

"நான் கேட்டன், மாஸ்டர்," என்றாள். "இருபத்தொரு இலை எப்பிடியம்மா குடிச்சீங்க, கைக்கல்லயா எண்டு கேட்டன். 'இல்ல, தங்கேஸ்வரி. அவர் பறிச்ச இலை கைக்கவே இல்ல' எண்டா."

காற்று நின்றிருந்தது. மாஸ்டரின் முகம் முதலில் ஒன்றும் செய்யவில்லை. பிறகு அது மெல்ல மெல்ல ஒரு சின்னப் பிள்ளையின் முகம் போல ஆகியது.

றொமால்ட்டுக்கு அந்தச் சொல் விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் நல்லது. சகாயம்மாவும் கடைசி வாரங்களில் எல்லாவற்றையும் அப்படித்தான் விழுங்கினாள். மிளகாய்க் குழம்பைக்கூட முகம் கோணாமல் விழுங்கினாள். விரல் மரத்த பிறகு உதடு மரக்கும், உதட்டுக்குப் பிறகு நாக்கு. செவ்வாய்க்கிழமைக்குள் ஆதிலாவின் நாக்குக்கு எந்த இலையும் கைத்திருக்காது. இருபத்திரண்டு வருஷம் சாவுகளை விசாரித்தவரின் மூளை அதை எழுதி, அடிக்கோடிட்டு, அறிக்கையின் கடைசி வரியாக நீட்டியது.

"கைக்கல்லயாமே?" மாஸ்டர் அவர் பக்கம் திரும்பினார். ஏதோ பெரிய சாட்சியிடம் கேட்பதுபோல் கேட்டார். "நான் பறிச்சது அவக்குக் கைக்கல்லயாமே, றொமால்ட்?"

"ஓம், மாஸ்டர்," என்றார் றொமால்ட். "கைக்கல்ல."

பஸ்மிலா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது என்பது அவள் ஒன்றும் சொல்லாமல் நின்றதிலேயே தெரிந்தது. தங்கேஸ்வரி படலைச் சங்கிலியை அவிழ்த்து, அதை அகலத் திறந்து, மாஸ்டர் உட்காரட்டும் என்று உள்ளேயிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.